பைய பிடி மக்களே

போன மாதம் அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு பெண், நான் வேலை பார்க்கிற கால்நடை கிளினிக்குக்குத் தன் பூனைக்குட்டியைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தாள். பள்ளிச் சீருடை, வலது கையில் இரண்டு நகக்கீறல். டாக்டர் உள்ளே ஒரு நாய்க்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். குட்டியைக் கூண்டில் வைத்துவிட்டு, முதலில் அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில், பதினைந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வீட்டுக்குப் போகிற வழியில் அரசு ஆஸ்பத்திரியில் காட்டி வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னேன். பூனைக் கீறல்தானே என்றாள். பூனைக்கும் அந்த நோய் வரும் என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க நர்ஸாக்கா? இதுக்கு என்ன படிக்கணும்?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. உள்ளே டாக்டர் கூப்பிட்டார், போய்விட்டேன். அன்றைக்கு அவளுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நர்ஸ் என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. 1838இல் நெய்யூரில் லண்டன் மிஷன்காரர்கள் மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். அதன்பிறகு நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி வந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட பெண்களைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகளில் நர்ஸ் அக்காமார் உண்டு. ஒருவர் குவைத்தில், ஒருவர் சவூதியில், ஒருவர் சென்னையில். அவர்கள் வீட்டு மாடியைக் காட்டித்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவார். மழை பெய்தால் வேலை கிடையாது, எங்கள் ஊரில் மழையோ வருடத்தில் இரண்டு பருவம். அம்மா வளர்த்த பசுதான் அந்த நாட்களில் எங்களுக்குச் சோறு போட்டது. எனவே மகள் பி.எஸ்சி. நர்சிங் படிக்க வேண்டும், வெளிநாடு போக வேண்டும் என்பது எங்கள் வீட்டில் பேசி முடித்த விஷயம்.

அது மாறியது 2017 நவம்பர் 30 அன்று. ஓகிப் புயல். நான் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். மரங்கள் முறிகிற சத்தம் வெடி வெடிப்பதுபோலக் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே வந்து பார்த்தபோது எதிரே இருந்த தோட்டம் இல்லை. ரப்பர் மரங்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. எங்கள் தொழுவத்தின் மேல் ஒரு மரம் சாய்ந்து, தகரம் கிழிந்து, பசுவின் வயிற்றோரம் ஒரு முழ நீளத்துக்குத் தோலைக் கிழித்திருந்தது. கரண்டு இல்லை, போன் இல்லை, சாலை முழுவதும் மரம். அப்பா நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் மத்தியானம் டாக்டரும் அவரோடு ஒரு வயசான கம்பவுண்டரும் விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி, பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தார்கள்.

டாக்டர் மரப்பு ஊசி போட்டு, புண்ணைக் கழுவி, தையல் போட்டார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அடுத்த வீட்டில் ஒரு எருமை, அதற்கடுத்து எத்தனையோ. அவர் கிளம்பிவிட்டார். கம்பவுண்டர் மட்டும் போகவில்லை. பசுவின் இடது பக்கம், இடுப்பெலும்புக்கு முன்னால் ஒரு குழி இருக்கும், அதில் கையை மடக்கி வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார். என்ன செய்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"என்ன மாமா பாக்குதிய?"

"வயிறு உருளுதான்னு பாக்கேன் மக்களே. நீயும் வச்சுப் பாரு."

வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உள்ளேயிருந்து ஏதோ ஒன்று மெதுவாக எழும்பி என் மடக்கிய கையைத் தள்ளிவிட்டு அடங்கியது. இரண்டு நிமிடத்தில் மூன்று தடவை அப்படி வந்தால் நல்லது என்றார். அன்று ஒரு தடவைதான் வந்தது. அவர் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தார். அம்மா கொடுத்த கட்டன் சாயாவைக் குடித்தார். மறுபடி வந்து கை வைத்தார். பொழுது சாய்கிற நேரத்தில் பசு வாயை அசைக்க ஆரம்பித்தது. "அசை போட்டாச்சு. இனி நான் போறேன்" என்று எழுந்து போனார்.

அவர் செய்த வேலைக்கு என்ன பெயர் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் எனக்கு வேண்டியது அந்த வேலைதான் என்று தெரிந்தது.

பெயர் இன்றைக்கும் இல்லை என்பதுதான் உண்மை. நம் நாட்டில் கால்நடை நர்ஸ் என்று பதிவு செய்துகொள்ளும் முறை கிடையாது. 1984ஆம் வருட இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் டாக்டர்களைத்தான் பதிவேட்டில் சேர்க்கிறது. அந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவில் ஒரு சிறு வழி இருக்கிறது. உரிய டிப்ளமாவோ சான்றிதழோ வைத்திருப்பவர்கள், மாநில அரசின் அனுமதியோடு, டாக்டரின் மேற்பார்வையில் தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல் போன்ற சிறு சேவைகளைச் செய்யலாம். ஊர் மக்களுக்கு இந்த வேறுபாடெல்லாம் தெரியாது. பேன்ட் போட்டுப் பையோடு வந்தால் டாக்டர், பின்னால் வந்தால் கம்பவுண்டர். பெண்ணாக இருந்தால் "டாக்டர்கூட வந்த பிள்ளை."

இங்கிலாந்தில் 1961இல் இதற்கென்று முறையான பயிற்சி தொடங்கியபோது அவர்களுக்கும் நர்ஸ் என்ற பெயர் கிடைக்கவில்லை. அந்தச் சொல் மனிதர்களைப் பார்க்கும் நர்ஸ்களுக்கே உரியது என்று சட்டம் இருந்ததால், விலங்குச் செவிலி உதவியாளர் என்று ஒரு சுற்றுப்பெயர் வைத்தார்கள். 1984இல்தான் கால்நடைச் செவிலியர் என்ற பெயர் வந்தது. இங்கே நம் சட்டம் வந்த அதே வருடம். இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தமிழில் பெயருக்குப் பஞ்சமே இல்லை. செவிலி என்பது நமக்கு மிகப் பழைய சொல். பழைய அகப்பாடல்களில் வருகிற செவிலித்தாய் தான் பெறாத பிள்ளையை எடுத்து வளர்ப்பவள். இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். நர்சிங் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கவில்லை என்று சொன்ன அன்று வீட்டில் பெரிய சண்டை. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அப்பாதான் மார்த்தாண்டத்தில் ஒரு கிளினிக்கில் ஆள் தேடுகிறார்கள் என்று கேட்டுவந்து சொன்னார். முதல் மாதச் சம்பளம் 6,500 ரூபாய். பஸ்சுக்குப் போக மிச்சம் கொஞ்சம்தான். முதல் மூன்று மாதமும் தரை துடைத்தேன், கூண்டு கழுவினேன், துணி துவைத்தேன், கத்தரிக்கோல்களை எண்ணி அடுக்கினேன். இதெல்லாம் நர்ஸ் வேலையா என்று அப்போது மனம் சுணங்கியது உண்டு. இதுதான் நர்ஸ் வேலையின் பாதி என்று இப்போது தெரியும். அது தெரிந்த விதம் நல்ல விதம் அல்ல.

ஒரு நாள் இரண்டு மாதக் குட்டி நாய் ஒன்று பார்வோ நோயோடு வந்தது. ரத்தபேதி. அந்த நாற்றத்தை ஒரு தடவை மோந்தவர்கள் மறக்க மாட்டார்கள், வாசலில் நின்றே நோயைச் சொல்லிவிடலாம். குட்டி பிழைக்கவில்லை. நான் தரையில் பினாயில் ஊற்றி, பளபளவென்று துடைத்து வைத்தேன். அடுத்த வாரம், தடுப்பூசிக்கு வந்து அதே தரையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போன இன்னொரு குட்டிக்கு அதே நோய். அங்கிருந்துதான் தொற்றியது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயிலை நம்ப முடியாது. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கு முழுவதையும் எடுக்க வேண்டும், பிறகு ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கு இருக்கிற இடத்தில் ப்ளீச் வேலை செய்யாது. குட்டிகளைத் தரையில் விடக்கூடாது, மடியிலேயே வைத்திருக்கச் சொல்ல வேண்டும். ஆறேழு வாரத்தில் தொடங்கி பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்ப ஊசி போட்டால்தான் பாதுகாப்பு முழுமையாகும். இதையெல்லாம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லையே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. இப்போது கிளினிக்கில் புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பிடிப்பதில் கற்க என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கு இதில் ஒரு வருடம் போயிற்று.

நாயின் முன்னங்காலில் ஊசிக்குழாய் ஏற்ற வேண்டும். நான் நாயின் பக்கவாட்டில் நிற்பேன். ஒரு கை அதன் கழுத்தடியில் சுற்றிவந்து தலையை என் தோளோடு அணைத்துக்கொள்ளும். இன்னொரு கை முதுகுக்கு மேலாகப் போய் அந்தப் பக்கத்து முன்னங்காலின் முழங்கையைப் பின்னாலிருந்து தாங்கும், அது காலை இழுத்துக்கொள்ளாமல் இருக்க. அதே கையின் கட்டைவிரல் காலின் மேல்புறத்தை அழுத்தி, சற்றே வெளிப்பக்கமாக உருட்டும். அப்போதுதான் ரத்தக்குழாய் புடைத்து, நழுவாமல் நிற்கும். டாக்டர் முடியை மழித்து, துடைத்து, குட்டியாக இருந்தால் மஞ்சள் நிற 24ஆம் எண் ஊசிக்குழாயை ஏற்றுவார். குழாயின் அடியில் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்ததும் "விடு" என்பார். கட்டைவிரலை மட்டும் விட வேண்டும். நாயை விடக்கூடாது. நான் முதல் சில தடவை எல்லாவற்றையும் சேர்த்து விட்டேன், ஊசி பிடுங்கிக்கொண்டு போயிற்று. அந்த நாய்கள் எனக்காக இரண்டு குத்து வாங்கின.

இன்னொரு தப்பும் செய்தேன். பயத்தில் இறுக்கினேன். இறுக்க இறுக்க நாய் திமிறும். ஓகிக்கு வந்த அதே கம்பவுண்டர் மாமா ஒரு நாள் தன் பேரனின் நாயைக் கூட்டிக்கொண்டு எங்கள் கிளினிக்குக்கு வந்தார். அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். நான் பிடிக்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "பேடிக்காத மக்களே. பைய பிடி. நீ முறுக்கினா அதும் முறுக்கும்." பயப்படாதே பிள்ளை, மெதுவாகப் பிடி என்று அர்த்தம். சொல்லிவிட்டு என் முழங்கையை இரண்டு விரலால் தொட்டார். என் கை முழுவதும் கல்லாக இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மூச்சை விட்டேன். நாயும் விட்டது.

டாக்டர் சாயங்காலங்களில் வீடுகளுக்கு மாடு பார்க்கப் போவார், நானும் போவேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரு இரவு திருவட்டாறு தாண்டி ஒரு வீடு. ஜெர்சி கலப்பு, மூன்றாம் ஈற்று, முந்தின நாள் கன்று போட்டது. பசு எழுந்திருக்கவில்லை. கழுத்தை எஸ் மாதிரி வளைத்துத் தலையை வயிற்றோடு சாய்த்துக் கிடந்தது. காதைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடம்பில் சூடே இருக்காது. கன்று போட்டதும் மடியில் பால் சுரக்கிற வேகத்தில் ரத்தத்திலுள்ள கால்சியம் இறங்கிவிடுகிறது, தசைகள் வேலை செய்ய மறுக்கின்றன.

450 மில்லி கால்சியம் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் போட்டுச் சூடேற்றுவது என் வேலை. டாக்டர் கழுத்து ரத்தக்குழாயில் ஊசியை ஏற்றிவிட்டு ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக்கொள்வார். நான் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். மருந்து வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும். துடிப்பு தடுமாறினால் அவர் விரலைக் கீழே காட்டுவார், நான் பாட்டிலை இறக்குவேன். சரியானதும் ஏற்றுவேன். பதினைந்து நிமிடம் கை கடுக்கும், மாற்றக்கூடாது. பாதி பாட்டில் போனதும் பசுவின் தோல் முழுவதும் நடுக்கம் ஓடியது. பிறகு ஒரு ஏப்பம். பிறகு சாணி போட்டது. அந்த வீட்டு மாமி கும்பிட்டுவிட்டார்.

டாக்டருக்கு அடுத்த அழைப்பு வந்துவிட்டது. போகும்போது என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். "டாக்டரம்மா போறாவளே, நீயும் போறியா?" என்றார் மாமி. "நான் இருக்கேன் மாமி" என்றேன். வைக்கோல் நிரப்பிய சாக்கை இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து, பசு பக்கவாட்டில் சாயாமல் நெஞ்சுமேல் உட்கார்ந்திருக்கும்படி வைத்தோம். சாய்ந்தால் வயிறு உப்பிவிடும். கன்றைத் துடைத்தேன். அன்றைக்கு மடியை முழுதாகக் கறக்கக்கூடாது, கன்றுக்கு வேண்டியது மட்டும் போதும் என்று சொன்னேன். கால் நரம்பு மரத்துப்போகாமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்கவும் சொன்னேன். அதற்கு அவசியம் வரவில்லை. பத்தரைக்குப் பசு பின்னங்காலை ஊன்றியது. விழுந்தது. மறுபடி ஊன்றியது. எழுந்து நின்று மூத்திரம் பெய்தது. நான் இடது பக்கக் குழியில் கையை மடக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

எல்லா இரவும் இப்படி முடிவதில்லை. எங்கள் ஊரில் மரச்சீனி, அதாவது மரவள்ளி, பிடுங்குகிற காலம் எனக்குப் பயமான காலம். கிழங்கை எடுத்துக்கொண்டு தழையைக் குவித்துப் போட்டிருப்பார்கள், ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்ப் பச்சையாகத் தின்றுவிடும். அந்த இலையில் சயனைடு உருவாக்கும் பொருள் இருக்கிறது. ரப்பர் இலையிலும் உண்டு. குலசேகரம் பக்கம் ஒரு அம்மச்சி வீட்டில் மூன்று ஆடுகள். நாங்கள் போய்ச் சேரும்போது ஒன்று செத்துக் கிடந்தது. மற்ற இரண்டும் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தன. ஈறுகள் செக்கச்செவேலென்று இருந்தன. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியாததால் வருகிற சிவப்பு அது. டாக்டர் சோடியம் தயோசல்பேட் ஏற்றினார். என் கையிலிருந்தது பிழைத்தது. இன்னொன்று பிழைக்கவில்லை. அம்மச்சி என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த ஆடுகளை விற்றுத்தான் பேத்திக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவிருந்தார். தழையை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொஞ்சமாகக் கொடுத்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். அன்று மாலை அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். யாரும் என்னை அனுப்பவில்லை. ஆனால் இதுவும் இந்த வேலைதான் என்று நினைக்கிறேன்.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு. டாக்டராக வேண்டும் என்றால் ஐந்தரை வருடப் படிப்பு. நமக்குப் பக்கத்தில் திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதிப்பெண் வரும் என்றால் தயங்காமல் அதற்கு முயல வேண்டும், ப்ளஸ் டூவில் உயிரியலை விட்டுவிடக்கூடாது. அரசு வேலை என்றால் கால்நடை ஆய்வாளர், கால்நடை பராமரிப்பு உதவியாளர் பணியிடங்கள் உண்டு. ஆய்வாளருக்கு ப்ளஸ் டூ முடித்தவர்களை எடுத்து 11 மாதம் பயிற்சி தருவார்கள். அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், காத்திருக்க வேண்டும். என்னைப் போலத் தனியார் கிளினிக்கில் சேர்வது மூன்றாவது வழி. சம்பளம் குறைவு, சான்றிதழ் இல்லை. நல்ல டாக்டர் கிடைத்தால் கற்பதற்குக் குறைவில்லை. சேருமுன் ஒரு வாரம் சும்மா போய் நின்று பார்க்கச் சொல்வேன். தரையை எதால் கழுவுகிறார்கள், ஊசியை எங்கே போடுகிறார்கள், புதிதாக வந்தவர் கேள்வி கேட்டால் பதில் சொல்கிறார்களா என்று பார்த்தாலே போதும்.

சேர்ந்த முதல் வாரமே வெறிநாய்க்கடி முன்தடுப்பு ஊசி மூன்றும் போட ஆரம்பித்துவிட வேண்டும். முதல் நாள், ஏழாம் நாள், பிறகு இருபத்தொன்று அல்லது இருபத்தெட்டாம் நாள். இதைத் தள்ளிப்போடுகிற இடத்தில் வேலைக்குச் சேரவே வேண்டாம். எலிக்காய்ச்சல் வந்த நாயின் மூத்திரத்தைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. அவசரத்தில் யாராவது "நீயே ஒரு ஊசி போட்டுட்டுப் போ" என்று கெஞ்சுவார்கள், பணமும் நீட்டுவார்கள். போடக்கூடாது. டாக்டரைக் கூப்பிட வேண்டும், கிடைக்காவிட்டால் 1962க்குப் போன் செய்து நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கேட்க வேண்டும். அந்தக் கெஞ்சலுக்கு முன்னால் மறுத்து நிற்பது கஷ்டம். எனக்கு இன்றைக்கும் கஷ்டம்தான்.

என் அம்மா இப்போது தெருவில் யாராவது கேட்டால் "மக மிருகங்களுக்கு நர்ஸ்" என்கிறாள். அதைக் கேட்டபோது நான் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுகொண்டேன்.

போன சனிக்கிழமை அந்தப் பெண் மறுபடி வந்தாள். பூனைக்குட்டிக்கு இரண்டாவது ஊசி. அவள் கையிலும் ஊசி போட்ட தடம் இருந்தது, சொன்னபடி போயிருக்கிறாள். குட்டியைத் துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியும்படி அவள் மடியில் வைத்தேன். துண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள், விரல்கள் வெளுத்திருந்தன.

"பைய பிடி மக்களே" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் விரல்களில் நிறம் வந்தது. குட்டியின் விலா ஏறி இறங்குவதைக் காட்டி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொன்னேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உதடு அசைய எண்ணினாள்.

"நாப்பத்தொண்ணு, அக்கா."

"இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில வரணும். அது இன்னும் பயந்திருக்கு. கொஞ்சம் பொறுத்து மறுபடி எண்ணு."

அவள் குனிந்து எண்ண ஆரம்பித்தாள்.